துடிப்பும் கத்தியும் – 12: மேலறைக்குள் ஒரு புதிர்ப்பாதை

இதுவரை...

1968 மே 2. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனை. 32 வயது மீனவர் ஒருவரின் மார்பைத் திறந்து, அவர் இதயத்தின் மேற்பரப்பில் மின்முனையை இடம் மாற்றி மாற்றி வைத்து அளந்தார்கள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே பிறவியிலேயே அமைந்துவிட்ட ஒரு கூடுதல் பாதை அவர் துடிப்பைத் தறிகெட்டு ஓடவைத்திருந்தது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே அறுவை மருத்துவர் வில் சீலி கத்தியை எடுத்தார். பாதை அறுந்தது. மீனவரின் இதயம் ஒழுங்குக்குத் திரும்பியது.

முதலில் வரைபடம், பிறகு கத்தி. டியூக் உலகுக்குக் கொடுத்த பாடம் இதுதான்.

அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அறுவை மருத்துவர்கள் வெகுதூரம் வந்துவிட்டார்கள். கூடுதல் பாதைகளை வெட்டினார்கள். ஏ.வி. கணுவை ஒட்டிச் சுழலும் மின்சாரத்தைக் கடுங்குளிரால் உறையவைத்து நிறுத்தினார்கள். மாரடைப்பின் தழும்பைச் சுற்றிக் கீழறையில் கிளம்பும் கொலைகாரத் துடிப்பைக்கூட, அந்தத் தழும்பின் உள்பக்கத்தைச் சீவி எடுத்து அடக்கினார்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. நீடித்து நிற்கும் தாளக்கோளாறுகளில் உலகில் மிகப் பரவலானதும் அதுதான்.

* * *

பாதையே இல்லாத கோளாறு

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். தமிழில் மேலறை நடுக்கம் என்று சொல்லலாம்.

ஒழுங்கான இதயத்தில் சைனஸ் கணு என்ற சிறு தசைத்திட்டு மின்துடிப்பைத் தொடங்கிவைக்கிறது. அது இரண்டு மேலறைகளிலும் பரவி அவற்றைச் சுருங்கச் செய்கிறது. ஏ.வி. கணுவில் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. மேலறை ரத்தத்தைத் தள்ளிவிடும், கீழறை அதை வாங்கி உடலுக்கு அனுப்பும். இந்த வரிசை குலையாதவரை நமக்கு இதயம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது.

மேலறை நடுக்கத்தில் இந்த வரிசை முழுதாகக் குலைகிறது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்னலைகள் எழுகின்றன. அத்தனை வேகத்தில் எந்தத் தசையும் சுருங்கி விரிய முடியாது. அது இருந்த இடத்தில் நடுங்கிக்கொண்டு மட்டும் இருக்கும். இந்த அலைகளில் சிலவற்றை மட்டும் ஏ.வி. கணு தன்னிஷ்டப்படி கீழே விடுகிறது. அதனால் நாடியைப் பிடித்துப் பார்த்தால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் கணக்கே இருக்காது.

நோயாளி இழப்பது மூன்று.

முதலாவது, ஒழுங்கான தாளம். படபடப்பும் களைப்பும் அவரை நாள்முழுதும் விடாது.

இரண்டாவது, மேலறை தரும் உந்துதல். கீழறை நிரம்புவதில் சுமார் 20 முதல் 30 சதவீதம் மேலறையின் கடைசித் தள்ளலால் வருகிறது. அது நின்றுபோனால் மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்கும்.

மூன்றாவதுதான் உயிருக்கே உலை வைப்பது. அசையாத மேலறையில் ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் உறையும். இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சிறு பை இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் கட்டி உருவாகும். ஒருநாள் அது பெயர்ந்து மூளைக்குப் போய் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம்.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1978ல் இதற்குக் கணக்கே கொடுத்துவிட்டது. வால்வு நோய் இல்லாமல் மேலறை நடுக்கம் மட்டும் இருப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். ருமாட்டிக் இதயநோயும் சேர்ந்திருந்தால் 17 மடங்கு. ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு சுருங்கிப்போனவர்களை ஏராளமாகப் பார்க்கும் நம் ஊர் மருத்துவர்களுக்கு இந்த இரண்டாவது எண்ணின் கனம் நன்றாகத் தெரியும்.

மருந்து இல்லையா? இருந்தது. டிஜிடாலிஸ் கீழறையின் வேகத்தைக் குறைத்தது, மேலறை நடுங்கிக்கொண்டே இருந்தது. சின்கோனா பட்டையிலிருந்து வந்த குயினிடின் சிலருக்குத் தாளத்தை மீட்டது, வேறு சிலருக்கு அதைவிட ஆபத்தான தாளத்தைக் கிளப்பிவிட்டது. 1962ல் பெர்னார்ட் லௌன் மின்னதிர்ச்சியால் நடுக்கத்தை நிறுத்தும் வழியைக் காட்டினார். நடுக்கம் நின்றது. பல பேருக்குச் சில வாரங்களில் திரும்பி வந்தது.

அப்படியானால் கத்தி?

அங்கேதான் சிக்கல். டியூக் பாடத்தின்படி, வெட்டுவதற்கு முன் இடம் தெரிய வேண்டும். மேலறை நடுக்கத்துக்கு அப்படி ஓர் இடமே இருப்பதாகத் தெரியவில்லை.

* * *

மூன்று அரைத் தீர்வுகள்

அடக்க முடியாத எதிரியைச் சிறையில் வைத்தால் என்ன? 1980ல் டியூக்கில் பிறந்த யோசனை இது. அதை முன்வைத்த குழுவில் ஜேம்ஸ் காக்ஸ் என்ற இளம் அறுவை மருத்துவர் இருந்தார். சீலியின் அருகில் நின்று தொழில் கற்றவர். இந்த அத்தியாயத்தின் நாயகர் அவர்தான்.

நாய்களின் இதயத்தில் அவர்கள் இடது மேலறையைச் சுற்றி வெட்டி, மறுபடி தைத்தார்கள். வெட்டிய இடத்தில் தழும்பு விழும். தழும்பின் வழியே மின்சாரம் போகாது. இடது மேலறை உள்ளே எப்படி நடுங்கினாலும் அந்த நடுக்கம் வெளியே வராது. மீதி இதயம் ஒழுங்காகத் துடிக்கும்.

துடித்தது. ஆனால் சிறைக்குள் நடுக்கம் தொடர்ந்தது. ரத்தம் உறைவதோ அதே இடது மேலறையில்தான். பக்கவாதத்தின் வாசல் திறந்தபடியே இருந்தது.

இரண்டாவது வழி 1982ல் வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன் குழுவும் டியூக்கில் ஜான் கல்லகர் குழுவும் மார்பைத் திறக்காமலே, கத்தீட்டர் ஒன்றை ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் செலுத்தி, மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள மின்தொடர்பை அதிர்ச்சி கொடுத்து அறுத்துவிட்டார்கள். கீழறையை ஓட்ட ஒரு பேஸ்மேக்கர் வைத்தார்கள். நாடி சீரானது. நோயாளிக்குப் படபடப்பு போனது. மேலறைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன, வாழ்நாள் முழுவதும் இயந்திரத்தை நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, 1985ல் கனடாவின் லண்டன் நகரில் ஜெரார்ட் கிரோடோன் செய்தது. சைனஸ் கணுவிலிருந்து ஏ.வி. கணு வரை மேலறைத் தசையில் ஒரு பட்டையை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி நடையாக அமைத்தார். இயற்கையான துடிப்பு அந்த நடைவழியே கீழறைக்குப் போய்விடும். பேஸ்மேக்கர் தேவையில்லை. இது முந்தைய இரண்டையும்விட ஒரு படி மேல். ஆனால் நடைக்கு வெளியே இருந்த மேலறைகளின் நிலை பழையதுதான்.

மூன்று வழிகளுமே நோயாளியின் நாடியைச் சரிசெய்தன. மூன்றுமே மேலறையைக் கைவிட்டன.

* * *

செயின்ட் லூயிஸ்

1983ல் காக்ஸ் டியூக்கை விட்டு மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். வாஷிங்டன் பல்கலைக்கழகமும் அதைச் சேர்ந்த பார்ன்ஸ் மருத்துவமனையும் அவருடைய புதிய களம். உடலியங்கியல் அறிந்த ரிச்சர்ட் ஷூஸ்லர் அங்கே சேர்ந்துகொண்டார். 1968ல் அந்த மீனவருக்குச் சிகிச்சை செய்த குழுவில் இருந்த ஜான் பாய்னோவும் வந்து சேர்ந்தார்.

அந்த அணி தனக்குத் தானே விதித்துக்கொண்ட நிபந்தனைகளைக் கவனித்தால் அவர்களுடைய நேர்மை புரியும். அறுவை சிகிச்சை மேலறை நடுக்கத்தை நிறுத்த வேண்டும். சைனஸ் கணுவே மறுபடி இதயத்தை ஆள வேண்டும். ஏ.வி. கணு வழியான தொடர்பு அப்படியே இருக்க வேண்டும். மேலறைகள் மறுபடி சுருங்கி ரத்தத்தைத் தள்ள வேண்டும். ரத்தக்கட்டியின் அபாயம் நீங்க வேண்டும்.

நாடி சீராக இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தால் 1985லேயே வேலை முடிந்திருக்கும். நோயாளி இழந்த மூன்றையும் திருப்பிக் கொடுக்காத சிகிச்சையை அவர்கள் சிகிச்சையாகவே ஏற்கவில்லை. இந்தக் கதையின் உண்மையான திருப்புமுனை இந்தப் பிடிவாதம்தான் என்பேன். கத்தி அதற்குப் பிறகு வந்தது.

முதலில் ஒரு பழைய கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. நடுக்கத்தின்போது மேலறைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிகள் இருந்தன.

1947ல் டேவிட் ஷெர்ஃப், நாயின் மேலறையில் ஒரு சிறு புள்ளியில் அகோனிடின் என்ற நஞ்சை வைத்தார். அந்தப் புள்ளி வெறிபிடித்துத் துடித்தது, மேலறை முழுவதும் நடுங்கியது. அவர் கட்சி: எங்கோ ஒரு புள்ளி தவறாகத் துடிக்கிறது, மீதி இதயம் அதைத் துரத்த முடியாமல் தடுமாறுகிறது.

1950களின் இறுதியில் கார்டன் மோ வேறு சொன்னார். நடுக்கம் தொடங்கிவிட்டால் அதற்குப் புள்ளி எதுவும் தேவையில்லை. பல சிற்றலைகள் மேலறையில் அலைந்து, மோதி, உடைந்து, மறுபடி பிறந்து தங்களைத் தாங்களே வாழவைத்துக்கொள்கின்றன. கணினியில் ஒரு மாதிரி செய்தும் காட்டினார். 1985ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மாரிட்ஸ் அலெஸி, நாயின் மேலறையில் நூற்றுக்கணக்கான மின்முனைகளைப் பதித்து, ஒரே சமயத்தில் நான்கு முதல் ஆறு அலைகள் வரை அலைவதைப் பதிவு செய்தார். மோவின் கட்சி வென்றதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஷெர்ஃபின் புள்ளி மறக்கப்பட்டது.

வாசகர்கள் அந்தப் புள்ளியை மறந்துவிட வேண்டாம்.

* * *

வரைபடம் கைவிட்ட நாள்

செயின்ட் லூயிஸ் குழு நாய்களின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வைக் கசியவைத்து, மேலறை பெரிதாகி நடுங்கும் நிலையை உண்டாக்கியது. பிறகு மனிதர்கள். கூடுதல் பாதையை வெட்டிக்கொள்ள வந்த நோயாளிகளில் சிலருக்கு மேலறை நடுக்கமும் வருவதுண்டு. அறுவை மேசையில் அவர்களுடைய மேலறையின் மேல் ஒரே நேரத்தில் பல மின்முனைகளை வைத்து, வரும் குறிப்புகளைக் கணினியில் ஏற்றி, நடுக்கத்தின் படத்தை வரைந்தார்கள்.

படம் வந்தது. அதில் பெரிய சுழல்கள் தெரிந்தன. ஒரு சிரையின் வாயைச் சுற்றி ஒன்று, இன்னோரிடத்தில் மற்றொன்று. அடுத்த கணத்தின் படத்தில் அவை வேறிடத்தில் இருந்தன. அதற்கடுத்ததில் மறைந்து, புதியவை முளைத்திருந்தன.

டியூக் பாடத்தில் வளர்ந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று யோசித்துப் பாருங்கள். இருபது ஆண்டுகளாக அவர்களுடைய தொழிலின் அடிப்படையே, பாதையைப் படத்தில் கண்டு அதைக் கத்தியால் வெட்டுவதுதான். இங்கே படம் சொன்னது: வெட்டுவதற்கு நிலையான பாதை கிடையாது. நீங்கள் கத்தியை எடுப்பதற்குள் சுழல் இடம்பெயர்ந்துவிடும்.

வேறொருவர் இந்த இடத்தில் கோப்பை மூடியிருக்கலாம். காக்ஸ் குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது.

சுழல் இப்போது எங்கே இருக்கிறது என்று தேடுவதை விட்டார்கள். சுழல் எங்கெல்லாம் உருவாக முடியும் என்று கேட்டார்கள். ஓர் அலை சுழல வேண்டுமானால் அதற்கு இடம் வேண்டும். தான் புறப்பட்ட தசை ஓய்ந்து மீளும்வரை சுற்றிவர ஒரு குறைந்தபட்ச நீளம் வேண்டும். 1914லேயே வால்டர் கேரி இதை வேறொரு வழியில் காட்டியிருந்தார்: நடுங்கும் இதயத்தசையைத் துண்டு துண்டாக வெட்டினால், ஓர் அளவுக்குக் கீழே போன துண்டுகளில் நடுக்கம் தானாக நின்றுவிடும்.

அப்படியானால் மேலறையில் எந்த இடத்திலும் ஒரு சுழலுக்குப் போதுமான வெளி இல்லாதபடி தழும்புகளால் வேலி போட்டுவிட்டால்?

ஆனால் துண்டாக்கிவிடவும் கூடாது. துண்டாக்கினால் மேலறை சுருங்காது, நிபந்தனை உடைந்துவிடும். சைனஸ் கணுவில் பிறக்கும் துடிப்பு ஒவ்வொரு தசையிழைக்கும் போய்ச் சேர வேண்டும். போன இடத்திலிருந்து சுற்றித் திரும்பி வரவும் கூடாது.

நுழைய ஒரு வாசல், சைனஸ் கணு. வெளியேற ஒரு வழி, ஏ.வி. கணு. நடுவே பிரியும் கிளைகள் எல்லாம் முட்டுச்சந்துகள். துடிப்பு ஒவ்வொரு முட்டுச்சந்துக்குள்ளும் போய் அங்குள்ள தசையை எழுப்பிவிட்டு அங்கேயே அடங்கும். திரும்பிவந்து சுழல வழி கிடையாது.

மேலறைக்குள் ஒரு புதிர்ப்பாதை. அறுவைக்கு ஆங்கிலத்தில் மேஸ் என்று பெயர் வைத்தார்கள்.

* * *

முதல் தோல்வி

இந்த வடிவத்துக்கு ஒரே பாய்ச்சலில் வந்துவிடவில்லை. அதற்கு முன் எளிமையான வெட்டு ஒன்றை முயன்றார்கள். இரண்டு மேலறைகளையும் சுற்றி, நடுச்சுவருக்குள்ளும் இறங்கும் ஒரு நீண்ட வெட்டு. நாய்களில் அது அழகாக வேலை செய்தது. எவ்வளவு தூண்டினாலும் நடுக்கம் நிலைக்கவில்லை.

மனிதரிடம் செய்தபோது, சில மாதங்கள் நன்றாக இருந்த நோயாளிக்கு நடுக்கம் திரும்பி வந்துவிட்டது.

மனித மேலறை நாயின் மேலறையைவிடப் பெரியது. நோயால் நாள்பட்டு விரிந்தது. ஒரு வெட்டு விட்டுவைத்த வெளி சுழலுக்குப் போதுமானதாக இருந்தது. மறுபடி ஆய்வுக்கூடம், மறுபடி படங்கள், கூடுதல் வெட்டுகள். வெட்டுகளின் எண்ணிக்கை ஏற ஏற, இதயத்தை நிறுத்திவைக்கும் நேரமும் ரத்தக்கசிவின் அபாயமும் ஏறின. எவ்வளவு குறைவாக வெட்டினால் போதும் என்பதும் அவர்கள் முன் இருந்த கேள்விதான்.

* * *

1987 செப்டம்பர் 25

வெள்ளிக்கிழமை. பார்ன்ஸ் மருத்துவமனை.

மார்பெலும்பைப் பிளந்து இதயத்தை வெளிப்படுத்தினார்கள். உடலின் ரத்த ஓட்டம் இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு மாறியது. குளிர்ந்த கரைசல் செலுத்தப்பட்டு இதயம் நிறுத்தப்பட்டது.

காக்ஸ் வெட்டத் தொடங்கினார்.

இரண்டு மேலறைகளின் ஓரப்பைகளும் வெட்டி எடுக்கப்பட்டன. பக்கவாதக் கட்டிகள் குடியிருக்கும் வீடே இனி இல்லை. இடது மேலறையின் பின்சுவரில் நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் நான்கு சிரைகள் வந்து திறக்கின்றன. அந்த நான்கு வாய்களையும் உள்ளடக்கி ஒரு முழுச் சுற்று வெட்டு. துளைகளைச் சுற்றித்தான் அலைகள் எளிதாகச் சுழல்கின்றன என்று வரைபடங்கள் காட்டியிருந்தன. எனவே துளைகளை மொத்தமாக மின்னோட்டத்திலிருந்து விலக்கிவிடுவது திட்டம். அந்தச் சுற்றிலிருந்து மைட்ரல் வால்வு வரை ஒரு வெட்டு. வலது மேலறையில் பெருஞ்சிரைகளின் வாய்களை ஒட்டி வெட்டுகள், நடுச்சுவரில் ஒன்று.

வால்வு வளையங்களின் அருகே கத்தி எட்டக்கூடாத இடங்களில் மெல்லிய தசையிழைகள் மிச்சமிருக்கும். அவற்றில் ஒன்று பிழைத்தாலும் வேலியில் ஓட்டை விழுந்ததாக ஆகிவிடும். அங்கே குளிர்முனையை வைத்து மைனஸ் 60 டிகிரி செல்சியஸில் உறையவைத்தார்கள்.

பிறகு வெட்டிய அத்தனையையும் மறுபடி தைத்தார்கள். இந்த அறுவையில் வெட்டுவது பாதி வேலைதான். வெட்டிய ஒவ்வொரு கோட்டையும் ரத்தம் கசியாமல் தைத்து மூடுவது மறுபாதி. ஒரு மேலறையைக் கிட்டத்தட்டப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டுகிறார்கள்.

இதயத்துக்கு ரத்தம் திறந்துவிடப்பட்டது.

வழக்கமான அறுவைகளில் தழும்பு என்பது தவிர்க்க முடியாத சேதம். முடிந்தவரை குறைக்கப் பார்ப்பார்கள். இங்கே தழும்பே மருந்து. ஒவ்வொரு வெட்டும் ஆறி, இறுகி, மின்சாரத்துக்குச் சுவராக மாறும் என்ற நம்பிக்கையில்தான் முழு அறுவையும் நின்றது.

அந்த நம்பிக்கை பலித்தது. மேலறை நடுக்கத்தை அதன் வேரிலேயே அடக்கும் அறுவை உலகுக்குக் கிடைத்துவிட்டது.

* * *

வெற்றியின் குறைகள்

அடுத்தடுத்து நோயாளிகள் வந்தார்கள். நடுக்கம் நின்றது. ஆனால் அந்தக் குழு நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பியதும் மறந்துவிடும் குழுவாக இல்லை. தொடர்ந்து பார்த்தார்கள். அப்போது இரண்டு குறைகள் தெரிந்தன.

ஒன்று, பலருக்கு நடந்தாலும் ஓடினாலும் துடிப்பின் வேகம் போதிய அளவு ஏறவில்லை. வெட்டுகளில் ஒன்று, மேற்பெருஞ்சிரை வலது மேலறையில் சேரும் இடத்துக்கு முன்புறமாகப் போயிருந்தது. உடலுழைப்பின்போது வேகமான துடிப்பு பிறக்கும் பகுதி அதுதான்.

இரண்டு, சிலருக்கு இடது மேலறை சுருங்கியும் பயனில்லை. வலதிலிருந்து இடதுக்குத் துடிப்பு கடக்கும் முக்கியப் பாலம் வெட்டில் அறுபட்டதால், துடிப்பு சுற்றிவளைத்துத் தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் கீழறை சுருங்கத் தொடங்கிவிடும். மைட்ரல் வால்வு மூடிய பிறகு மேலறை தள்ளி என்ன பயன்?

தாளம் திரும்பியது, தள்ளல் திரும்பவில்லை. தாங்களே விதித்த நிபந்தனைகளில் ஒன்று நிறைவேறவில்லை என்று கண்டதும் வடிவத்தை மாற்றினார்கள். இரண்டாம் வடிவத்தில் குறைகள் குறைந்தன. ஆனால் இடது மேலறையை எட்டுவதே பெரும்பாடாகி, அறுவை மிகக் கடினமானது. மறுபடி மாற்றினார்கள். நடுச்சுவர் வெட்டை மேற்பெருஞ்சிரையின் வாய்க்குப் பின்புறம் தள்ளிவைத்தார்கள். 1992ல் நடைமுறைக்கு வந்த இந்த மூன்றாம் வடிவம்தான் இன்று காக்ஸ் மேஸ் – 3 என்று பாடநூல்களில் இருக்கிறது.

இன்னொரு எதிர்பாராத பாடமும் கிடைத்தது. அறுவை முடிந்த சில நோயாளிகளின் உடலில் நீர் கோத்துக்கொண்டது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றத் தூண்டும் ஹார்மோன் ஒன்றை மேலறைத் தசை சுரக்கிறது என்பதை 1981ல் கனடாவின் அடோல்ஃபோ டி போல்ட் கண்டுபிடித்திருந்தார். ஓரப்பைகளில் அந்தச் சுரப்பு அதிகம். அவற்றை வெட்டி எடுத்ததும் ஹார்மோன் குறைந்தது. நீரிறக்கும் மருந்து கொடுத்துச் சமாளித்தார்கள். மேலறை வெறும் பம்பு மட்டுமல்ல, ஒரு சுரப்பியும்கூட என்பதை அறுவை மேசையே உறுதி செய்தது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வடிவ அறுவை செய்துகொண்ட 198 பேரின் நீண்டகால நிலையை 2003ல் வெளியிட்டார்கள். சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், ஏறத்தாழ 97 சதவீதத்தினருக்கு நடுக்கம் திரும்பவில்லை. இன்றைய நாள்முழுதும் பதியும் கருவிகளால் அளந்த எண் அல்ல அது, அதனால் உண்மை நிலவரம் சற்றுக் குறைவாக இருக்கலாம் என்று பின்னாளில் பலர் சுட்டிக்காட்டினார்கள். அப்படியே இருந்தாலும், அதற்கு முன் எந்த மருந்தும் இதன் பக்கத்தில்கூட வந்ததில்லை. அதைவிடப் பெரிய செய்தி, இந்த நோயாளிகளிடம் பின்னாளில் பக்கவாதம் மிக அரிதாகவே வந்தது என்பது.

ஆனாலும் இந்த அறுவை உலகெங்கும் பரவிவிடவில்லை. நெஞ்சைப் பிளக்க வேண்டும், இதயத்தை நிறுத்த வேண்டும், இரண்டு மேலறைகளிலும் நீண்ட கோடுகளை வெட்டித் தைக்க வேண்டும். அதைச் செய்யத் துணிந்த கைகள் குறைவு. வால்வு மாற்ற வருபவர்களுக்குச் சேர்த்துச் செய்வதற்கே பல மருத்துவமனைகள் தயங்கின. நடுக்கத்துக்காக மட்டும் இத்தனை பெரிய அறுவைக்கு எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

* * *

போர்டோவிலிருந்து ஒரு செய்தி

1998 செப்டம்பர் 3. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் பிரான்சின் போர்டோ நகரைச் சேர்ந்த மிஷேல் ஹைசகேர். அறுவை மருத்துவர் அல்ல, கத்தீட்டரைக் கையாளும் இதய மருத்துவர்.

விட்டுவிட்டு மேலறை நடுக்கம் வரும் 45 பேரை அவர் குழு ஆராய்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் நடுக்கம் எங்கே தொடங்குகிறது என்று கத்தீட்டர் முனையால் பொறுமையாகக் காத்திருந்து பிடித்தார்கள். 69 தொடக்கப் புள்ளிகள் கிடைத்தன. அவற்றில் 94 சதவீதம் ஒரே வகை இடத்தில் இருந்தன.

நுரையீரல் சிரைகளுக்குள்.

சிரைகளின் சுவரில் சில சென்டிமீட்டர் வரை நீளும் மேலறைத் தசையிழைகள் தாமாகவே வெறிபிடித்துத் துடித்து, அந்தத் துடிப்பை மேலறைக்குள் கொட்டுகின்றன. மேலறை நடுங்கத் தொடங்குகிறது. தோற்றுப்போனதாக எல்லோரும் ஒதுக்கிவைத்த டேவிட் ஷெர்ஃபின் புள்ளி, அரை நூற்றாண்டு கழித்து மனித இதயத்தில் கிடைத்துவிட்டது.

ஹைசகேரின் கையில் கத்தி இல்லை. கத்தீட்டர் முனையின் சூட்டால் அந்தப் புள்ளிகளைப் பொசுக்கினார். நோயாளிகளில் பலருக்கு மருந்து இல்லாமலே நடுக்கம் அடங்கியது. மார்பைத் திறக்கவில்லை. இதயத்தை நிறுத்தவில்லை.

இப்போது 1987 செப்டம்பர் 25க்குத் திரும்பிப் போய், காக்ஸ் போட்ட கோடுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்று நான்கு நுரையீரல் சிரைகளையும் சுற்றிப் போட்டது. சுழல் உண்டாகக்கூடாது என்பதற்காக அவர் அதைப் போட்டார். சிரைக்குள் ஒரு வெறிபிடித்த புள்ளி இருக்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கோடு, தெரியாமலேயே, அந்தப் புள்ளிகளை மேலறையிலிருந்து மொத்தமாகத் துண்டித்துவிட்டது.

மோவின் கொள்கையை நம்பி முழுப் புதிர்ப்பாதையும் கட்டப்பட்டது. அது வேலையும் செய்தது. ஆனால் வேலை செய்தது எது? நடுக்கம் சில நாளே இருப்பவர்களுக்கு ஒரு விடையும், வருடக்கணக்கில் நடுங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு வேறொரு விடையும் இருக்க முடியுமா? சிரைகளைச் சுற்றிய அந்த ஒரே கோடு போதும் என்றால், ஆயிரக்கணக்கானவர்களின் மார்பைத் திறக்கவே வேண்டியதில்லை. போதாது என்றால், கத்தீட்டரை நம்பி அனுப்பப்படும் நோயாளிகளில் பலருக்கு நடுக்கம் திரும்பத்தான் போகிறது.

1998ன் இறுதியில் இதய மருத்துவர்களும் அறுவை மருத்துவர்களும் எதிரெதிராக நின்று கேட்ட கேள்வி இதுதான்: பார்ன்ஸ் மருத்துவமனையில் அன்று வென்றது புதிர்ப்பாதை முழுவதுமா, அல்லது அதில் ஒரே ஒரு கோடா?

(தொடரும்)